ஒரு வயிற்றில் இரண்டு மருந்து

எனக்குக் காசநோய் என்று தெரிந்த வாரத்தில், உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னை யாரும் கேட்கவில்லை. யார் மருந்தைச் சாப்பிடப் போகிறாய் என்றுதான் கேட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அது அந்த வாரத்தில் வந்த கோபம், இன்னும் முழுசாகப் போகவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. விளாங்குடியில் குடியிருந்தோம். நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பேராசிரியர்கள் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவதை, மாணவிகள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் ஆய்வகத்தில் செய்து பார்க்க வைப்பது என் வேலை. இருமல் வந்தபோது அமிலப் புகை என்று நினைத்தேன். சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தபோது பஸ் அலைச்சல் என்று நினைத்தேன். சளியில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் என் கணவர் என்னை டி.பி. கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே இருந்த டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதலில் தினமும் ஊசி, கூடவே மாத்திரை. அதன் பிறகு மாத்திரை மட்டும், ஒன்றரை வருஷத்துக்கு என்றார்.

“கொஞ்ச நாள்ல நல்லாயிட்ட மாதிரி இருக்கும். அப்பத்தான் எல்லாரும் நிறுத்துறாங்க. நடுவுல நிறுத்துனா கிருமி இந்த மருந்துக்குப் பழகிக்கிடும். அப்புறம் இதே மருந்தை அள்ளி அள்ளிக் கொடுத்தாலும் கேக்காது” என்றார். அதையே இரண்டாம் முறையும் சொன்னார். நல்ல டாக்டர்தான். வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தால் அவர் இரண்டாம் முறை சொன்னதே பெரிய விஷயம்.

நாங்கள் எழுந்த பிறகு கூப்பிட்டு, “லேகியம், கஷாயம், இலை தழைன்னு எதுவும் தொடக் கூடாது. தொட்டது தெரிஞ்சா இங்க வராதீங்க” என்று சேர்த்துக்கொண்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏனென்றால் அந்தப் பக்கத்தில் இருமலுக்கு லேகியம் கொடுப்பவரே அவருடைய அப்பாதான்.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, சமயநல்லூர்ப் பக்கம் வயல். நெல்லும் வாழையும் போடுவார். வரப்போரம் முழுக்க வேலி மாதிரி ஆடாதோடை நிற்கும். அந்த இலையை இடித்துச் சாறு பிழிந்து, கருப்பட்டிப் பாகில் காய்ச்சி, திப்பிலியும் மிளகும் சுக்கும் பொடித்துப் போட்டு, தேன் விட்டு இறக்கினால் அவருடைய லேகியம். யாரிடமும் காசு வாங்க மாட்டார். அதுதான் பெரிய தொல்லை. காசு வாங்குகிறவரோடு சண்டை போடலாம், இவரோடு என்னவென்று சண்டை போடுவது?

செய்தி கேட்டதும் லேகியப் பாட்டிலோடு பஸ் ஏறி வந்துவிட்டார். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, அகத்திக்கீரை பக்கமே போகக் கூடாது என்று பத்தியம் சொன்னார். கடைசியாகச் சொன்னது இது:

“இங்கிலீசு மருந்தை ஒரு மண்டலத்துக்கு நிறுத்தி வையி தாயி. ஒரே வயித்துல ரெண்டு மருந்து கூடாது. ஒண்ணை ஒண்ணு முறிச்சுப்புடும்.”

எங்கள் பக்கத்தில் மருந்து முறியும். அகத்திக்கீரை தின்றால் முறியும், தீட்டு வீட்டில் சாப்பிட்டால் முறியும், இன்னொரு மருந்து மேலே விழுந்தால் கட்டாயம் முறியும். தன் ரத்தம் என்ன வகை என்று தெரியாதவர்கூட மருந்து எதில் முறியும் என்பதைக் கடகடவென்று ஒப்பிப்பார். ஆக, டாக்டர் இதைத் தொட்டால் வராதே என்கிறார். மாமா அதை நிறுத்தினால்தான் இது என்கிறார். நுரையீரல் என்னுடையது. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் அக்கறை இல்லாத மாதிரி எனக்குத் தோன்றியது.

நான் இரண்டையும் சாப்பிட்டேன். திருட்டுத்தனமாக இல்லை. மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டிலைக் கொடுக்க வருவார். அவர் முன்னாலேயே மாத்திரையைப் பிரித்துப் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். அவர் உடனே சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் முகத்தைத் திருப்புவார். பார்க்காவிட்டால் நடக்கவில்லை என்று அவருக்குக் கணக்கு.

ஏன் இரண்டையும் சாப்பிட்டேன் என்றால், எனக்கு அப்படித்தான் முடிந்தது. மாத்திரை வயிற்றைப் புரட்டியது. சோற்றைப் பார்த்தாலே ஓங்கரிக்கும். லேகியம் சாப்பிட்ட பிறகு சளி இளகி வந்தது, பசி எடுத்தது. சாப்பிட்ட வயிற்றில் மாத்திரை அடங்கிக் கிடந்தது. இது வெறும் பசியோடு நின்ற விஷயமா, இல்லை இலையிலும் திப்பிலியிலும் இருக்கும் ஏதோ ஒன்று மாத்திரைக்கே கை கொடுக்கிறதா என்று எனக்குள் ஒரு கேள்வி. வேதியியல் படித்த புத்தி சும்மா இருக்குமா? சில நோயாளிகளுக்கு மாத்திரை மட்டும், சிலருக்கு மாத்திரையோடு லேகியம் என்று கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். யாராவது பார்த்தால் போதும்.

மாத்திரையோடு லேகியத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாமா என்று, தெரிந்தவர் கேட்கச் சொன்ன மாதிரி டாக்டரிடம் கேட்டேன். “அதுல என்ன இருக்கு, ஒரு உருண்டையில எவ்வளவு இருக்குன்னு எழுதிக் கொண்டாரச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்” என்றார். நியாயமான கேள்வி. மாமாவிடம் போய் எவ்வளவு இலைக்கு எவ்வளவு திப்பிலி என்று கேட்டேன். “கண்ணளவுதான். வாயால சொன்னா மருந்து பலிக்காது” என்றார். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பை நிறைய இலையைக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். நிழலில் உலர்த்தி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அமிலம் விட்டு, அம்மோனியா விட்டு, கடைசியில் பீங்கான் கிண்ணத்தின் அடியில் பழுப்பாகக் கொஞ்சம் ஒட்டி நின்றது. கோடையில் பறித்த இலைக்கு ஒரு மாதிரி வந்தது, மழைக்குப் பிறகு பறித்த இலைக்கு வேறு மாதிரி வந்தது. அளவே சொல்ல முடியாத ஒன்றை எந்த மாத்திரையோடு சேர்ப்பது?

எங்கள் துறைத் தலைவியிடம் கிண்ணத்தைக் காட்டினேன். “இது காலேஜ் ஆராய்ச்சியா, மாமனார் வீட்டு ஆராய்ச்சியா?” என்று கேட்டுச் சிரித்தார். அறையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். கிண்ணத்தை நானே கழுவி வைத்தேன். இப்போது திப்பிலியிலும் மிளகிலும் உள்ள சத்தைக் காசநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள், ஆடாதோடையையும் ஆராய்கிறார்கள் என்று பத்திரிகையில் படிக்கும்போது எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். எரிச்சல்தான் வருகிறது.

எனக்குக் குணமாகிவிட்டது. கடைசிப் படத்தைப் பார்த்த டாக்டர், “பாத்தீங்களா, ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டா சரியாப் போகுது” என்றார். மாமா ஊர் முழுக்க வேறு கதை சொன்னார். மருமகள் நெஞ்சில் ஓட்டை விழுந்திருந்தது, பெரிய டாக்டர்களே கைவிட்ட கேஸ், நம்ம லேகியம்தான் காப்பாற்றியது என்றார். டாக்டர் ஒருநாளும் கைவிடவில்லை. ஆனால் கதையில் டாக்டர் கைவிட்டால்தானே லேகியத்துக்கு மரியாதை.

என்னைப் பார்க்கவே ஆள் வர ஆரம்பித்தது. தேனூர்ப் பக்கமிருந்து, சோழவந்தான் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். நான் மாத்திரையும் சாப்பிட்டேன், நிறுத்தாமல் சாப்பிட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். படித்த பெண் லேகியத்தால் பிழைத்தேன் என்று சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி எழுந்து போவார்கள். வாசலில் நின்று கத்தியும் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் பேரையூர் அண்ணனுக்கு நோய் வந்தது. என் நாத்தனாரின் கணவர் அவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி போடுகிறவர். அவரை நானே அதே கிளினிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்து, நிறுத்தக் கூடாது என்று பத்து தடவை சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். சில மாதம் கழித்து ஊருக்குப் போனபோது பார்த்தால், மாத்திரையைக் காணோம். லேகியப் பாட்டில் மட்டும் இருக்கிறது.

“மாத்திரை வயித்தப் பெரட்டுது தங்கச்சி. ரெண்டும் ஒண்ணா ஆகாதுன்னு மாமா சொல்லிருக்காருல்ல. நீயே லேகியத்துலதான பொழச்ச.”

“நான் மாத்திரையும் சாப்பிட்டேண்ணே. ஒரு நாள் விடல.”

அவர் என் மனம் நோகக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னார். “மாமா அப்படிச் சொல்லலையே.”

மறுநாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு நேராகச் சமயநல்லூர் போனேன். அப்பாவிடம் சண்டை வேண்டாம் என்று என் கணவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. மாமா வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

“நான் மாத்திரை போட்டதை நீங்க பாத்தீங்களா இல்லையா மாமா?”

மண்வெட்டியால் மடையை அடைத்துவிட்டுச் சொன்னார். “பாத்தேன்.”

“அதைப் பேரையூர்ல வந்து சொல்லுங்க.”

“இம்புட்டு வருசமா ஒண்ணு சொல்லிட்டு, இப்ப எப்படித் தாயி மாத்திச் சொல்ல? நாளைக்கு எவன் நம்புவான்?”

“உங்க மக புருசன் செத்துப் போவாரு மாமா” என்றேன். மருமகள் மாமனாரிடம் பேசுகிற பேச்சில்லை. ஆனால் வேறு எப்படிச் சொன்னால் அவருக்கு உறைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கால் கழுவப் போனார்.

மறுநாள் காலையில் துவைத்த வேட்டி சட்டையோடு விளாங்குடிக்கு வந்து நின்றார். இரண்டு பேரும் பேரையூருக்குப் போனோம். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவார் என்று வழியெல்லாம் நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே போய் மருமகனின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மாமா சொன்னது இது:

“மாப்ள, இது வரைக்கும் என் மருந்துக்குத் தேன்தான் அனுபானம். உங்க உடம்புக்குத் தேன் பத்தாது. இனிமே கவருமெண்டு மாத்திரைதான் அனுபானம். முதல்ல மாத்திரை, அதுக்கு மேல நெல்லிக்கா அளவு லேகியம். ஒரு வேளை தப்பக் கூடாது.”

நாட்டு மருந்தை வெறும் வாயில் போடுவதில்லை. தேனோ நெய்யோ வெந்நீரோ, ஏதாவது ஒரு துணையோடு கொடுப்பார்கள். மருந்தை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும் அந்தத் துணைக்குத்தான் அனுபானம் என்று பெயர். மருந்து மாப்பிள்ளை என்றால் அனுபானம் மாப்பிள்ளைத் தோழன். காசநோய்க் கிருமியைக் கொல்கிற மாத்திரையைத் தன் லேகியத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக்கி உட்கார வைத்துவிட்டார் மாமா. ஆங்கில மருந்தும் உள்ளே போகும், அவர் சொல்லும் மாறவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

திரும்பும் பஸ்ஸில், “நானும் மாத்திரை சாப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?” என்று கேட்டேன்.

“அவரு மாத்திரை சாப்பிடணும். அதான வேணும் ஒனக்கு? சாப்பிடுவாரு” என்றார்.

அண்ணன் சாப்பிடவும் செய்தார். நடுவில் நிறுத்தியதற்கு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி ஊசியிலிருந்து ஆரம்பித்தார். மாத்திரை மேல் இல்லாத பயபக்தி அனுபானத்தின் மேல் வந்துவிட்டது. கிழக்குப் பார்த்து உட்கார்ந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் லேகியத்தை வைத்து வாயை மூடுவாராம். நாத்தனார் சொல்லிச் சிரித்தாள். உடம்பு தேறியது, முகத்தில் தெளிவு வந்தது. நான் ஆசைப்பட்ட சேர்மானம் தலைகீழாகவாவது நடக்கிறதே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த பருத்தி எடுக்கும் சமயத்தில் பேரையூர் போனேன். காட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் வேலைக்குப் போகாமல் கட்டிலில் படுத்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பேசும்போது நடுவில் மூச்சு வாங்கியது.

“மாத்திரை சாப்பிடுறீங்களாண்ணே?”

“இல்ல தங்கச்சி. டாக்டருதான் மருந்த நிறுத்தச் சொல்லிட்டாரே.”

“டாக்டரா? மாத்திரையையா?”

விஷயம் மெதுவாக வந்தது. மாதாமாதம் மாத்திரை வாங்கப் போன இடத்தில், வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மாமா மருந்து சாப்பிடுகிறேன் என்றிருக்கிறார். அந்த மருந்தை இன்றோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இங்கே வராதீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். அண்ணனும் சரிங்க ஐயா என்று சொல்லி, அந்த மாதத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சொன்னபடி லேகியத்தை நிறுத்தினார். அதோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். பிறகு கிளினிக் பக்கமே போகவில்லை.

“மாத்திரையை ஏண்ணே நிறுத்துனீங்க?” என்று நான் கேட்டபோது, இது கூடவா தெரியாது என்பது போலத்தான் பார்த்தார்.

“மருந்தே இல்லாம அனுபானத்தை மட்டும் எதுக்குத் தங்கச்சி சாப்பிட?”

வாங்கி வந்த மாத்திரையெல்லாம் மாடக்குழியில் காகிதப் பொட்டலமாக அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு யாரை அடிப்பதென்று தெரியவில்லை. அன்றைக்கே வாடகைக் கார் பிடித்து அவரை மதுரைக்குக் கொண்டுவந்தோம். ஊசி போட்டார்கள். பழைய மாத்திரை கேட்கவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த விலை கூடிய மருந்தையும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். மிகவும் தாமதமாகிவிட்டது என்றார்கள்.

வார்டு வாசலில் டாக்டரைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லலையேம்மா” என்றார். உண்மைதான். மாமாவிடம் கேட்டேன். “ஒரு வேளை தப்பக் கூடாதுன்னுதான தாயி நான் சொன்னேன்” என்றார். அதுவும் உண்மை. இருவரும் ஒருநாளாவது எதிரெதிரே உட்கார்ந்து, இவர் என்ன சாப்பிடுகிறார், எதை விடலாம், எதை விடக் கூடாது என்று பேசியிருந்தால் போதும். அதற்கு ஒரு டீக்கடை பெஞ்சு போதும். என்னால் அந்த இரண்டு பேரை ஒரு பெஞ்சில் உட்கார வைக்க முடியவில்லை. மழை தொடங்குவதற்கு முன்னால் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

துக்க வீட்டில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். ரெண்டு மருந்தையும் ஒண்ணாத் தின்னா முறிக்காம என்ன செய்யும், ஒண்ணை மட்டும் தின்றிருந்தால் ஆள் நின்றிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். நான் மாமாவைப் பார்த்தேன். அந்த ஒரு நேரத்திலாவது அவர் வாயைத் திறந்திருக்கலாம். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அதை நான் இன்றைக்கு வரைக்கும் மன்னிக்கவில்லை. நான் எழுந்து, சேர்த்துச் சாப்பிட்டதால் சாகவில்லை, நிறுத்தியதால்தான் செத்தார் என்று சத்தமாகவே சொன்னேன். யாரோ என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் பெண்கள் துக்கத்தில் இப்படித்தான் பேசுவார்கள் என்று வெளியே ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, நாத்தனார் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்த முகம். என்னிடம் வம்பு வளர்க்க வரவில்லை. அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

“மதினி, நீங்க எப்படிப் பொழச்சீங்க?”

“ரெண்டையும் சாப்பிட்டேன்” என்றேன்.

“அவரும் ரெண்டையும்தான சாப்பிட்டாரு.”

“நான் நிறுத்தலம்மா. டாக்டரு லேகியத்தை நிறுத்தச் சொன்னாரு, நிறுத்தல. ஒங்கப்பா மாத்திரையை நிறுத்தச் சொன்னாரு, அதையும் நிறுத்தல.”

அவள் அடுப்புச் சாம்பலைக் குச்சியால் ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்.

“அதான் மதினி. நீங்க யாரு சொன்னதையும் கேக்கல. அவரு எல்லாரு சொன்னதையும் கேட்டாரு.”